மாடி ஹாலில் ஒரு வளைவு

ரயில் பெட்டி நேர்த் தண்டவாளத்தில் கவிழ்ந்து நான் பார்த்ததில்லை. வளைவில்தான் அதன் சுயரூபம் தெரியும். நான் சொல்வது மாடல் ரயிலை. விரல் அகலத் தண்டவாளத்தில் கரண்டில் ஓடுவது. எஞ்சினைப் பம்பாயில் வேலை பார்த்தபோது வாங்கினேன். பெட்டிகளை வெறும் வெள்ளையாகத்தான் வாங்கினோம். நீல வண்ணம் பூசியது என் மனைவி. ஜன்னல் கம்பியைக்கூட விடமாட்டாள். "என் கண்ணு போச்சு. இதுல ஏறி எந்த ஊருக்குப் போகப் போறீக?" என்று திட்டிக்கொண்டே பூசுவாள். முழு ரயிலும் ஒரு சுற்று ஓடி அவள் பார்க்கவில்லை. பம்பாய் ஃபிளாட்டில் இடம் ஏது? ரிட்டயர் ஆனதும் கண்டனூரில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் ஓட்டிக்கொள்ளலாம் என்று இருந்தோம். அதற்குள் அவள் போய்விட்டாள். பெட்டிகளோடு நான் மட்டும் வந்து சேர்ந்தேன்.

கண்டனூர் வீட்டில், கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் ஓர் உள்வீடு உண்டு. அதாவது பூட்டிக்கொள்ள ஓர் அறை. மற்றதெல்லாம் பங்காளிகளுக்குப் பொது. பொது என்றால் கல்யாணத்துக்கு மட்டும் எல்லோருக்கும் சொந்தம். ஒட்டடை அடிப்பதும் ஓடு மாற்றுவதும் அங்கே குடியிருக்கிற என் தலையில்.

முதலில் என் உள்வீட்டில்தான் தண்டவாளம் போட்டேன். கட்டிலும் இரும்புப் பெட்டியும் போக மிஞ்சிய இடத்தில் வளைவு ரொம்ப நெருக்கமாக விழுந்தது. எஞ்சின் குட்டை, திரும்பிவிடும். பெட்டிகளோ ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் கொக்கி பக்கவாட்டில் இழுக்க, சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எல்லாம் சரியும். பெட்டிக்குள் எடை வைத்தேன், சக்கரத்தைத் துடைத்தேன், கொக்கியை மாற்றினேன். ம்ஹூம். வளைவைப் பெரிதாக்காமல் வேறு வழியில்லை.

மாடி ஹாலில் இடத்துக்கா பஞ்சம்! வௌவால் எச்சத்தைச் சுரண்டி, பிளைவுட் பலகை பரப்பி, சுவரோரமாக அகலமான வளைவு போட்டேன். முழு ரயிலும் ஒரு பெட்டி பிசகாமல் சுற்றி வந்தது. "பாத்தியாடி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து அழுதேன். இதில் என்ன வெட்கம்? தினமும் காபி குடித்ததும் மேலே போய் ஒரு சுற்று ஓட்டுவது வழக்கமாகிவிட்டது.

அப்புறம் கல்யாணம் வந்தது. சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, தன் மகள் கல்யாணத்தை இந்த வீட்டில் வைத்தான். வந்ததும் மாடி ஹாலை எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே இது, இங்குட்டுத்தான சாமான் பரப்பணும்?"

பெண்ணுக்குக் கொடுக்கும் அண்டாவிலிருந்து கரண்டி வரை பரப்பிவைத்துச் சம்பந்தி வீட்டாருக்குக் காட்டுவது எங்கள் வழக்கம்.

"பாதி ஹால் போதுமேப்பா. இது சுவரோரமாத்தான இருக்கு" என்றேன்.

"சரி, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வரும்போது ஓட்டிக் காட்டுங்க. நல்லா ஓடுனா இருந்துட்டுப் போகுது. இல்லைன்னா எடுத்துருவோம்ணே."

எனக்கும் பங்குள்ள ஹாலில் எனக்குப் பரீட்சை வைக்கிறான்! ரயில் அங்கேயே இருக்கவேண்டுமே என்று தலையாட்டினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் வீட்டையே தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவார்கள். எஞ்சினையும் பெட்டிகளையும் கீழே பத்திரப்படுத்திவிட்டேன். "பலகைல தண்ணி படாம நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, தாம்பூலப் பை வாங்க என்னைக் காரைக்குடிக்கு அனுப்பினான் தம்பி. நான் திரும்புவதற்குள் பலகை தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. அதுவும் சரியாக வளைவில்! சுவர்ப்பக்கத் தண்டவாளம் மேலே எழும்பி நிற்க, மற்றது தாழ்ந்து கிடந்தது. மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித் தாழ்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தேன். எஞ்சினை மட்டும் விட்டுப் பார்த்தேன், போனது. பெட்டிகளை மாட்டிப் பார்ப்பதற்குள் சம்பந்தி வீட்டார் படியேறிவிட்டார்கள்.

எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எஞ்சின் போனது, முதல் பெட்டி போனது. இரண்டாவது பெட்டி வளைவில் சக்கரத்தைத் தூக்கியது. நான் சுவிட்சை அணைப்பதற்குள் பின்னால் வந்ததெல்லாம் உள்பக்கம் சரிந்து, எவர்சில்வர் அடுக்கில் மோதி டங்கென்றது. ஒரே சிரிப்பு. அவர்கள் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். சிரிப்பு அடங்குவதற்குள் தம்பி சொன்னான், எல்லோர் காதிலும் விழும்படி:

"அரைப் புள்ளிக்கு எதுக்குண்ணே முழு ஹாலு? ஒங்க உள்வீட்டுலயே ஓட்டிக்கிடுங்க."

எங்களவர்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தால் கோயில் வரிக் கணக்கில் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப் புள்ளி. கணக்கில் எழுதுவார்களே தவிர முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். இவன் சொன்னான். அதையும் 'அண்ணே' போட்டு, மரியாதையாகச் சொன்னான். நாசமாய்ப் போக அந்த மரியாதை.

பந்தல்காரர்கள் வந்து தண்டவாளத்தோடு பலகையைப் பெயர்த்து என் உள்வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போனார்கள். கல்யாணம் முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாடு போகிறவர்கள், அண்டாவையா விமானத்தில் ஏற்ற முடியும்? பரப்பிய சாமான்களைப் பரப்பியபடியே வைத்து ஹாலைப் பூட்டி, சாவியைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டான் தம்பி. "பத்திரமாப் பாத்துக்கங்கண்ணே. நீங்கதான இங்க இருக்கீக" என்றான் போகும்போது.

யாரும் சோறு பொங்கப் போகாத அண்டாக்கள் என் வளைவு இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நான் உள்வீட்டில் பழைய நெருக்கமான வட்டத்தையே மறுபடி போட்டுக்கொண்டேன். அவள் வண்ணம் பூசிய பெட்டிகளைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். காபி குடித்ததும் எஞ்சினை மட்டும் ஓட்டுகிறேன். தனியாக ஓடினால் அது தடம் புரள்வதே இல்லை.