ஓடுறதுக்கு ஒரு சப்பாத்து

ஸ்கந்தபுரத்துச் சுமித்திரா மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்த அன்றே, என்ன நடந்தாலும் ஓடக்கூடாது என்றுதான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பகல் முழுக்க முழங்காலில் நின்று, கனத்த கவசத்துக்குள் வேர்த்து வடிந்து, மண்ணைச் சாண் சாணாகக் கிளறியே அவளுடைய வருசங்கள் போயின. வீட்டுக்கு வந்தால் இடுப்பு நிமிராது. மகள் யதுர்ஷிகா படிக்கவென்று வவுனியாவுக்குப் போனபிறகு, தனக்கொருத்திக்குச் சமைக்கவும் அலுப்பாக இருந்தது.

கிளினிக்கில் சீனி வருத்தம் எட்டிப் பார்க்கிறது, நடவுங்கோ என்றார்கள். பின்னேரங்களில் குளக்கட்டில் நடக்கத் தொடங்கினாள். ஒருநாள் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. யோசிக்காமல் ஓடினாள். வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதுதான், எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஓடியிருக்கிறோம் என்று உறைத்தது. அடுத்த நாள் மழை இல்லாமலே ஓடிப் பார்த்தாள்.

மகள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போட்ட பழைய சப்பாத்துத்தான் அவளுக்கும் வாய்த்தது. அது ஒரு அளவு சின்னன். சில கிழமைகளில் பெருவிரல் நகம் கறுத்தது. அடி தேய்ந்து குதி ஒரு பக்கம் சாய்ந்தது. வேலையில் ஊன்றி ஊன்றி ஏற்கெனவே களைத்துப்போன முழங்கால், இப்போது இரவிலும் குத்தியது.

“அம்மா, அதை எறிஞ்சிட்டு அளவா ஒண்டு வாங்குங்கோ. பின்னேரத்தில போங்கோ, கால் வீங்கியிருக்கிற நேரம்தான் சரியான அளவு தெரியும்” என்றாள் யதுர்ஷிகா ஃபோனில்.

கால் வீங்காத பின்னேரம் எது? வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு கிளிநொச்சி டவுனில் இறங்கினாள். கண் சொருகியது. சப்பாத்துக் கடை நடத்தும் பத்மாசனி கதிரையை இழுத்துப் போட்டு, “பிள்ளைக்கோ?” என்று கேட்டா.

“எனக்குத்தான் அக்கா. ஓடுறதுக்கு.”

“நடக்கிறதுக்கோ?”

“இல்லை, ஓடுறதுக்கு.”

பத்மாசனி அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரோஸ் நிறத்தில் மெல்லிய சோடி ஒன்றை எடுத்து வைத்தா. “இதுதான் இப்ப நல்லா ஓடுது, தங்கச்சி.”

“அது ஓடினாப் போதாது அக்கா, நான் ஓட வேணும்.”

பத்மாசனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சோடி விரலை நெரித்தது. அடுத்ததில் குதி கழன்றது. கடைசியில் ஆம்பிளைகளின் தட்டிலிருந்து கறுப்பில் ஒன்று வந்தது. பார்க்க வடிவில்லை. நுனியில் விரலுக்கு இடமிருந்தது, அடி மெத்தென்று தடிப்பாக இருந்தது.

“இதுக்குள்ளேயே ஒருக்கா ஓடிப் பாருங்கோ.”

தட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிய பாதை. சுமித்திரா இரண்டு எட்டு வைத்தாள். கால் தானாகவே அடங்கி நின்றுவிட்டது. வேலைத்தலத்தில் இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிட்ட பாதையும் இதே அகலம்தான். எவ்வளவு உன்னியும் உடம்பு கேட்கவில்லை.

“என்னம்மா, கடிக்குதோ?”

“இல்லை அக்கா. நான் வெடி எடுக்கிற இடத்தில வேலை. ஒடுக்கமான இடத்தில கால் ஓடுதில்லை.”

பத்மாசனி பின்கதவைத் திறந்துவிட்டா. வெளியே சீமெந்து போட்ட வளவு. சுமித்திரா அதைச் சுற்றி ஓடினாள். விரல் இடிக்கவில்லை. குதி நழுவவில்லை. முழங்கால் நொந்ததுதான், ஆனால் குத்தவில்லை.

அவள் நின்றதும் பத்மாசனி மெதுவாகக் கேட்டா: “வெடி எடுத்து முடியேல்லையெண்டு எங்கட காணியும் இன்னும் விடேல்லை. பளைப் பக்கம். எப்ப முடியுமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. “அது வேற ஆக்கள் பாக்கிற இடம் அக்கா. எனக்குத் தெரியாது. மெல்ல மெல்லத்தான் வரும்.”

“ஓம். அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுகினம்” என்றபடி பத்மாசனி பெட்டியைக் கட்டிக் கொடுத்தா. வேறேதாவது சொல்லியிருக்கலாமோ என்று பஸ்ஸில் சுமித்திராவுக்குத் தோன்றியது.

ஞாயிறு காலை குளக்கட்டில் ஓடினாள். தண்ணீர் திறந்துவிடும் துருசடி வரைக்கும் மூச்சுத் தாங்கியது. அதற்கு மேல் ஏலவில்லை, நடந்தே திரும்பினாள். மத்தியானம் மகள் ஃபோன் எடுத்தாள்.

“சப்பாத்து எப்பிடியம்மா?”

“வடிவில்லை. ஆனா கால் நோகேல்லை.”

“நாளைக்கும் ஓடுவீங்களோ?”

“நாளைக்கு வேலை. வந்து ஏலுமெண்டாப் பாப்பம்” என்றவள், மகள் அடுத்துச் சொன்னது காதில் விழமுன்னரே பாயில் சரிந்து நித்திரையாகிப் போனாள்.