வேலிக்கு வெளியே கட்டுச்சோறு

கோடை முடிகிறதாம். இலைகள் மஞ்சளாகின்றனவாம். சின்னப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய், காய்ந்த இலையும் விதையும் பொறுக்க வைத்து, மரத்தடியில் உட்கார்த்திச் சாப்பிடக் கொடுக்க வேண்டுமாம். தோட்டத் துரையின் மனைவி, துரைசானி, சீமையிலிருந்து வரவழைத்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி அதை என் முன்னால் விரித்து, பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் வராது என்பதையும் பக்கத்துக்கு ஒரு தரம் சொன்னார்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாயாவில், பெடாஸிலிருந்து உள்ளே நாலு மைல். அங்கே கோடை தொடங்கியதும் இல்லை, முடிந்ததும் இல்லை. வெயில், விட்டால் மழை. வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்ததிலிருந்து, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரண்டாள் உயரத்துக்கு முள்ளுக்கம்பி, ஒரே ஒரு வாசல். பால்வெட்டுக்குப் போகும் பெண்களின் வாளியைக் கவிழ்த்துப் பார்த்து, கொண்டையை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று அர்த்தம், சிறை. இந்த லட்சணத்தில் மரத்தடிச் சாப்பாடு!

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தாய்மார் வேலைக்குப் போன பிறகு ஆயாக்கொட்டகையில் இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எல்லாம் மூன்று, நான்கு, ஐந்து வயது. நான் தம்பின் பட்டணத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். அந்தப் படிப்பை விட அதனால் வந்த தலைக்கனம் பெரிது.

விதை பொறுக்கும் பாடம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவணியில் ரப்பர்க் காய்கள் பட்டுப் பட்டென்று வெடித்து விதை சிதறும். வேலிக்குள் நின்ற ஏழெட்டு மரங்களுக்குக் கீழே பிள்ளைகள் கூடை நிறையப் பொறுக்கினார்கள். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று பிரித்தோம். பத்துவரை எண்ணினோம். தரையில் வரிசையாக வைத்து மீன் செய்தோம், வீடு செய்தோம். ஒரு விதை மேல் இன்னொன்றை வைத்துக் குத்தி, யாருடையது உடைகிறது என்று பந்தயம் வைத்தோம். விதையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பிள்ளையின் தொடையில் வைப்பதை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை அவர்கள் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம்.

துரைசானிக்குக் கடைசிப் பக்கமும் வேண்டும். பிள்ளைகள் ரப்பர்க் காட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். அதைக் கேட்டதும் நேராகக் கிராணியிடம் போனேன்.

“சோறு வாசலைத் தாண்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா ஐயா? ஒரு அனுமதி எழுத்து வாங்கிக் குடுங்க.”

“துரைசானி காரு முன்னால போவுது. அதைவிட ஒனக்கு என்ன எழுத்து வேணும்? ஆறாம் கிளாஸ் படிச்சிட்டா சட்டம் பேசணுமா?” என்று சிரித்தார். கூட நின்ற, வேலையாட்களை மேய்க்கும் மண்டோரும் சிரித்தான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அதற்கு மேல் நான் எழுத்துக் கேட்கவில்லை. பயந்தவள் என்று அவர்கள் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

அன்று மாலை லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு சின்னக் கட்டு, இரண்டு வாய்ச் சோறு, ஒரு துண்டு கருவாடு போதும். துரைசானி பேரைச் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் ஆட்டவில்லை. அவளுடைய கணவனைப் பிடித்துக்கொண்டு போய், விசாரித்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு இருந்தது நாலு வயதுப் பெண் பிள்ளை ஒன்றுதான். பிள்ளைக்கும் அவளை விட்டால் நாதியில்லை.

“எழுத்து இருக்கா?” என்று கேட்டாள்.

நான் கிராணியிடம் கேட்ட அதே கேள்வி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் இருக்கேன்லா. ஏதாச்சும் வந்தா நான் சொல்லிக்கிறேன்” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மறுநாள் காலை, சோற்றை வாழையிலையில் மடித்து, கட்டியிருந்த நீலக் கட்டம் போட்ட சேலையின் ஓரத்தைக் கிழித்து முடிந்து பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கார் முன்னால் போயிற்று. வாசலில் யாரும் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. துப்பாக்கியோடு இரண்டு காவல்காரர்கள் எங்களுக்குப் பாதுகாப்பாகக் கூட வந்தார்கள். வேலியிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், முதல் நிரை மரங்களுக்குக் கீழே துரைசானி பாய் விரித்தார். பிள்ளைகளை வட்டமாக உட்கார்த்தினோம். “மாக்கான், மாக்கான்” என்று தமக்குத் தெரிந்த மலாயில் சாப்பிடச் சொல்லிக் கைதட்டினார்.

ஒரு பிள்ளையும் கட்டை அவிழ்க்கவில்லை. கையில் சோற்றோடு உடுப்புக்காரன் கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்று அந்த வயதிலேயே அவர்களுக்குத் தெரியும். இங்கே இரண்டு உடுப்புக்காரர்கள் தலைக்கு மேல் நின்றார்கள். இருபது பிள்ளைகளும் மடியில் கட்டை வைத்துக்கொண்டு அந்தத் துப்பாக்கிகளையே பார்த்தார்கள். நான் அதட்டினேன். ஒரு பையனின் முதுகில் ஓர் அடியும் வைத்தேன். அவன் அழுதுகொண்டே அவிழ்த்துத் தின்றான், அவனைப் பார்த்து மற்றவர்களும் தின்றார்கள். துரைசானி படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார்; அது நடக்கவில்லை.

திரும்பும்போது நான் தலைகளை எண்ணினேன். இருபது சரியாக இருந்தது. கட்டுகளை எண்ணவில்லை. அந்த நாலு வயதுக்காரி தன் கட்டை அவிழ்க்காமலேயே மரத்தின் பின்னால் சருகுக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு என் பின்னால் வந்திருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து ரோந்துக்காரர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். காலைப் பிரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்த நீலத் துணியைக் கையில் தூக்கிப் பிடித்தார். அவள் மூன்றாவது வரிசையில் நின்றாள், ஓரம் கிழிந்த அதே சேலையோடு. தேடவே வேண்டியிருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆபீசில் உட்கார வைத்திருந்தார்கள். துரையும் துரைசானியும் முதல் நாள்தான் சிங்கப்பூருக்குப் போயிருந்தார்கள். கிராணியைக் கேட்டால், “துரைசானி பிள்ளைங்களுக்கு ரொட்டி குடுக்கப் போறதாத்தான் எங்கிட்ட சொன்னாங்க. சோறு கொண்டாரச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது” என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். வாசல்காரர்கள் பிள்ளைகளை மட்டும்தான் பார்த்தார்களாம், கட்டுகளைப் பார்க்கவில்லையாம். பார்த்தோம் என்றால் அவர்கள் வேலை போய்விடும். இருபது வீட்டுச் சோறு வெளியே போயிருந்தது. ஆபீஸ் வாசலில் கூடி நின்ற தாய்மாரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவர்களை எல்லாம் அன்றைக்கு நான் வெறுத்தேன். இன்றைக்கும் அந்த வெறுப்பு முழுசாகப் போகவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் அதிகாரியிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி யோசித்துவிட்டு, அந்தப் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளை சொன்னால் நம்புகிறேன் என்றார். தாய் மட்டும் வாய் திறக்கக் கூடாது என்றார். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதிகாரி மனிதர்தான். குனிந்து, ஒரு மிட்டாயை நீட்டி, துணியைக் காட்டினார்.

“இது யாருது பாப்பா?” என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

“தெரியாது.”

“மரத்துகிட்ட சோத்தை வச்சது நீதானே?”

“தெரியாது.”

“சொல்லுடி, அக்காகிட்ட சொல்லு, ஒண்ணும் செய்ய மாட்டாங்க” என்று நான் கெஞ்சினேன். பிள்ளை என்னைப் பார்த்தாள்.

“தெரியாது அக்கா.”

அதிகாரி நிமிர்ந்து, பெஞ்சில் இருந்தவளைச் சுட்டிக் காட்டினார்.

“இவங்க யாரு?”

பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. பிள்ளை அதற்கும் அதையே சொன்னாள்.

“தெரியாது.”

உடுப்புப் போட்டவன் எது கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். அதை எங்கள் லயங்களில் பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். அப்பாவைக் கொண்டுபோன வீட்டில் இன்னும் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாடம் பிசகில்லாமல் ஏறியிருந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பவர் என்னிடம் கேட்டார்: “சோறு வெளிய போனதுல ஒனக்கும் பங்கு இருக்குன்னா நீயும் லாரியில ஏறு. ஏறுறியா? இல்ல, துரைசானி வர்ற வரைக்கும் பேசாம இருக்கியா?”

பெஞ்சில் இருந்தவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். ஏதாவது வந்தால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னவள் நான். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பும் சத்தம் கேட்டபோதும் தரையைத்தான் பார்த்தேன்.

துரைசானி திரும்பி வந்ததும் பங்களாவுக்குப் போய், தோட்டக்காரன் தடுத்தும் கேட்காமல் படியேறிக் கத்தினேன். அந்த அம்மாளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அழுகை என் எரிச்சலைத்தான் கூட்டியது. சிரம்பானில் கழுவக் கொடுத்த படம் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதில் அந்தப் பிள்ளை மடியில் நீலக் கட்டோடு உட்கார்ந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டும் அவளை விடுதலை செய்ய அவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் தேவைப்பட்டது.

அத்தனை நாளும் பிள்ளை என்னோடுதான் தூங்கினாள். தாய் திரும்பி வந்த அன்று கொட்டகை வாசலில் நின்று கையை நீட்டினாள். பிள்ளையைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“பேசாத” என்றாள். “அன்னைக்குப் பேசிருக்கணும். இப்ப எதுக்கு?”

மறுநாள் விடியற்காலையில் வாசலில் சோதனை நடந்தபோது, இடுப்பில் பிள்ளையும் கையில் வாளியுமாக அவள் வரிசையில் நின்றாள். பிள்ளையின் பாவாடையையும் உதறிப் பார்த்த பிறகு வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தில் இருந்த மூன்று வருஷமும், கொசுவிலும் மழையிலும், அவள் பிள்ளையைப் பால்வெட்டு நிரைக்குத் தூக்கிக்கொண்டே போனாள். கொட்டகைப் படியில் ஒரு நாளும் இறக்கி விடவில்லை. மற்ற தாய்மார் தங்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போனார்கள், வேறு வழியில்லை என்று. அவளுக்கும் வேறு வழி இருக்கவில்லைதான்.