காசிம் நானா போதும் என்றார்

பலாபத்வல பஸ் நிறுத்தத்தில் வெற்றிலைக் கடைக்காரர்தான் சொன்னார்: "அப்போதிக்கரி காசிம் நானா மவுத்தாப் போயிட்டாராம்." சொன்ன வாயோடு, "பாவம், ஒரு உசிரும் அவர் கையாலதானே போச்சு," என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறந்தவரின் மையித்து வீட்டை விட்டுப் போகுமுன்பே ஆரம்பித்துவிட்டீர்களா? அந்த உயிர் என் அண்ணன் சுப்பையா. நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

மூச்சுக்குத் தவித்த அண்ணனைத் தோட்டத்து லொறியில் ஏற்றி, காசிம் நானா அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியராக, வேலை பார்த்த சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. நானா அவனை மேசைமேல் குனிய வைத்து, முதுகில் குழாய் பொருத்திய ஊசியை ஏற்றினார். நீர் போத்தலில் இறங்க இறங்க அண்ணனின் முகம் தெளிந்தது. பிறகு இருமினான். நானா உடனே குழாயை மூடிவிட்டார்.

"போதும். மிச்சம் நாளைக்கு."

நான் குதித்தேன். "பாதித் தண்ணிய உள்ள வச்சிட்டு என்னங்க வைத்தியம்? லொறி நாளைக்கும் வருமா?"

"நசுங்கிக் கெடந்த நுரையீரல் தம்பி. ஒரேயடியா விரிஞ்சா தாங்காது. இருமல் வந்தா நிப்பாட்டிடணும்," என்றார் பொறுமையாக.

எனக்கு அறிவு இருந்தால்தானே! அன்று பகல் பார்வையிட வந்த பெரிய டொக்டரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்: "எல்லாத்தையும் எடுத்துடுங்க ஐயா." நானா தடுத்துப் பார்த்தார். "நீ எனக்குப் படிப்பிச்சுத் தர்றியா?" என்று அந்த மகான் கேட்டார். போத்தல்கள் நிறைந்தன. அண்ணன் இருமினான், டொக்டர் நிறுத்தவில்லை. இளஞ்சிவப்பு நுரை வாயில் பொங்கியது. நானா அவனைத் தூக்கி நிமிர்த்தி ஒட்சிசன் வைத்தார். ஒரு மணி நேரம்கூட என் அண்ணன் தாங்கவில்லை.

விசாரணையில், நானாவின் முதல் ஊசியே நுரையீரலைக் கிழித்தது என்று எழுதினார்கள். வாசித்துக் காட்டி, "சரிதானே?" என்றார்கள். பெரிய டொக்டர் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், நான்தான்! நானாவைத் தண்டனையாகத் தொலைதூர லக்கலைக்கு மாற்றினார்கள்.

பல வருடம் கழித்து மாத்தளைச் சந்தையில் எதிர்ப்பட்டார். அவர்தான் பேசினார்: "உங்க அண்ணன் என்னைய நம்பி முதுகக் காட்டினாரு தம்பி. அந்த டொக்டரப் புடிச்சுத் தள்ளியாவது நிறுத்தியிருக்கணும் நான்." குற்றமே செய்யாத மனிதர் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். செய்த நானோ மரக்கறிப் பையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். தூ!

அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்த உண்மை ஒன்றுதான். இனியும் அதை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. நானாவின் பிள்ளைகளே, உங்கள் வாப்பா என் அண்ணனைக் கொல்லவில்லை. எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னவன் நான். பொய்யில் கையெழுத்திட்டவனும் நான். அவர் காது கேட்க இதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.