பாண் டோக்கனில் என் பங்கு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது உடம்பில் இருந்த குளிர்ச்சட்டைகூட இரவல். அப்படி வந்தவன்தான் அங்கே மல்வேர்ன் பகுதியில் பலசரக்குக் கடை வைத்தேன். வீட்டு பேஸ்மென்ற்றில் நானே பலகை அடித்து இரண்டு அறை அமைத்தேன். நான்கு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினேன். பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் ஊமையாய்க் கிடந்த, உலோகம் தேடும் கருவியொன்றை வாங்கி, பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைப் பூட்டிக் கத்தவைத்தவனும் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரூஜ் ஆற்றுப் பக்கத்து வயல்களில் புதுவீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பழைய பண்ணைவீடொன்றை இடித்த காணியில் தேடுவதற்கு, வேலையைப் பொறுப்பெடுத்தவரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு கருவி கத்திய இடத்தில் சாண் ஆழத்தில் ஒரு பித்தளை டோக்கன் கிடைத்தது. கறுத்துப்போயிருந்தது. கறுத்த பித்தளைக்கு எங்கள் வீட்டில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். பழப்புளி போட்டு, பாத்திரம் மினுக்கும் கம்பிச் சுருளால் தேய்த்தேன். பொன்போல வந்தது.

எங்கள் தெருவில் பழங்காசு சேர்ப்பவர் மாஸ்டர் ஒருவர்தான். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். அவரிடம் பெருமையோடு நீட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் தலையில் கைவைத்தார்.

“என்னண்ணை செய்துபோட்டியள்? இருந்த எழுத்தையும் தேய்ச்சு எடுத்திட்டியளே! உதென்ன குத்துவிளக்கோ?”

“ஊத்தையோடை கொண்டுவந்தா நீங்கள் என்ன நினைப்பியள் மாஸ்டர்?”

“ஊத்தையைத்தான் அண்ணை நாங்கள் பாக்கிறது.”

அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எத்தனையோ காலம் மண் பத்திரமாய் வைத்திருந்ததை நான் கால்மணி நேரத்தில் அழித்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, அதே இடத்தில், முதல் குழியிலிருந்து ஒரு முழம் தள்ளி இன்னொன்று கிடைத்தது. அதே அளவு, அதே வட்டம். இந்தமுறை தண்ணீரே காட்டவில்லை. வீட்டுக்கு எது புதிதாய் வந்தாலும் முதலில் சாமித்தட்டில் வைப்பது என் வழக்கம். அதையும் வைத்தேன்.

“சாமித்தட்டிலை மண்கட்டியைக் கொண்டுவந்து வைக்கிறியளே, உங்களுக்கென்ன விசரோ?” என்றாள் மனிசி.

மறுநாள் காலை திருநீறு பூசிய விரலால் டோக்கனை எடுத்தேன். விரல் பட்ட இடத்தில் வெள்ளையாய் ஒரு வளைவு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருநீறு போட்டு, மெல்லத் தடவி, ஊதினேன். மேட்டில் இருந்தது பறந்தது, பள்ளத்தில் இருந்தது நின்றது. எழுத்துகள்! எனக்குக் கூட்டி வாசிக்க முடியவில்லை. அப்படியே உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வாசித்தார். “ஒரு பாண்” என்று இங்கிலீசில் இருந்ததாம். அந்தக் காலத்தில் பேக்கரிக்காரரிடம் டோக்கனை முன்கூட்டி வாங்கி வைப்பார்களாம். வண்டி வரும்போது டோக்கனைக் கொடுத்தால் பாண் தருவார்களாம். அது அவருடைய புத்தகத்தில் இருந்தது. ஆனால் இரண்டும் ஏன் ஒரே இடத்தில் கிடந்தன என்பது புத்தகத்தில் இல்லை. அதை நான் சொன்னேன்.

“அதிலைதான் மாஸ்டர் வாசற்படி இருந்திருக்கும். பாண்காரனுக்கெண்டு படியிலை வைச்சது பலகை நீக்கலுக்குள்ளை விழுந்திருக்கு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டோக்கன் விழுந்த அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

அந்த இரண்டாவது டோக்கன் இப்போது எங்கள் பகுதி நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. கீழே உள்ள அட்டையில், அடையாளம் கண்டவர் என்று மாஸ்டரின் பெயர் மட்டும். என் பெயர் ஏன் இல்லை என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

“திருநீறெண்டு எப்பிடியண்ணை அதிலை எழுதிறது? சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும்.”

திருநீறு பட்டது தற்செயல் என்கிறார். இருக்கட்டும், விரல் என்னுடையது. வாசித்தவர் அவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிண்டியவன், எழுத்தை வெளியே கொண்டுவந்தவன், வாசற்படியைக் கண்டவன் நான். மாஸ்டரின் பெயருக்குக் கீழே என் பெயரும் வரவேண்டும். முதல் டோக்கனைத் தேய்த்துக் கெடுத்தவனும் இவன்தான் என்று சேர்த்து எழுதினாலும் சரி, எழுதுங்கள்.