கேமராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் சித்தப்பாவின் கேமராவுக்கு மேலும் கீழுமாக இரண்டு கண்கள். ஒரு ஆயுத பூஜையன்று அந்த இரண்டு கண்களுக்கும் நட்ட நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்த புண்ணியவதி நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. விளக்கு, நாற்காலி, படம் கழுவும் தட்டு என்று ஸ்டூடியோவில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் விட்டிருந்தார். கேமராவுக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. கல்யாணமாகாதவர். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கீழே அவருடைய ஸ்டூடியோ, மேலே எங்கள் வீடு. மறுநாள் காலை அவர் பொட்டைப் பார்த்தார். மெல்லிய துணி ஒன்றை எடுத்து வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். யார் வேலை என்று கேட்டிருந்தால் இரண்டு அடியோடு விஷயம் முடிந்திருக்கும். கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர் ஒரு சாவு வீட்டுக்குப் படம் எடுக்கப் போனார். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். இந்தியாவில் இருக்கும் சொந்தங்கள் கப்பலேறி வந்து முகம் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் மாலை போட்டுக் கிடத்தியிருப்பவரைச் சுற்றி எல்லோரும் நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். சித்தப்பா அப்படிப் பல வீடுகளுக்குப் போனவர். வந்ததும் குளிப்பார், சாப்பிடுவார். இந்த முறை குளித்தார், சாப்பிடவில்லை. அன்றோடு அவர் படம் எடுப்பதும் நின்றுபோயிற்று.

ஆட்கள் வராமல் இல்லை. ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, படம் வேண்டும் என்று வருபவர்களை நாற்காலியில் உட்கார வைப்பார். மோவாயைக் கொஞ்சம் தூக்கச் சொல்வார். குனிந்து கேமராவின் தலையில் இருக்கும் கண்ணாடியில் பார்ப்பார். “அசையாம இருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் எப்போதும் விசையை அழுத்துவார். இப்போது “அசை” என்று வாயெடுப்பார், அதற்குமேல் வராது. லைட் சரியில்லை, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுவார். நாளைக்கும் லைட் சரியாக இருக்காது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார் அப்பா. பல்வலிக்கும் அவர் அதைத்தான் சொல்வார். அம்மா திருஷ்டி என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, சித்தப்பாவுக்கும் கேமராவுக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டார். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். சந்தனம் உள்ளே இறங்கிக் கேமரா குருடாகிவிட்டது. சித்தப்பா என்னைக் காட்டிக்கொடுக்காமல் லைட்டின்மேல் பழியைப் போடுகிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு தவிலே வாசித்தது.

துறைமுகத்து மாமா இருந்திருந்தால் அவரிடமாவது சொல்லியிருப்பேன். சித்தப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர் அவர். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு ஒரு பொட்டலம் கச்சான் கடலையோடு வந்துவிடுவார். பிறகு இருவரும் கேமராவோடு வெளியே போவார்கள். சித்தப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பைத்தியம். ரோச்சோர் கால்வாய், சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான் படகுகளுக்கு இடையே கிடக்கும் எண்ணெய்ப் படலம், மழை விட்ட தெருவில் தேங்கிய குட்டை, எதையும் விடமாட்டார். ஒரு பிஸ்கட் டின் நிறையத் தண்ணீர்ப் படமாகவே சேர்த்து வைத்திருந்தார். தண்ணீரைப் பிடித்தால் யார் வந்து வாங்குவார்கள் என்று அம்மா கேட்பார். நடுநடுவே சித்தப்பா மாமாவையும் எடுப்பார். அவரோ ஓர் இடத்தில் நிற்காத மனிதர். அசையாதடா என்று சித்தப்பா கத்தக் கத்தக் கையை ஆட்டுவார், திரும்புவார், சிரிப்பார். அவர் இருக்கும் படமெல்லாம் பனிமூட்டம்தான்.

அந்த மாமாவையும் இரண்டு ஞாயிறாகக் காணோம். அம்மாவிடம் கேட்டேன். “அவரு ஊருக்குப் போயிட்டாரு” என்றார் அம்மா, குழம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிப் போகலாம் என்று எனக்குக் கோபம்.

இதற்கு நடுவில்தான் அக்காவின் கல்யாணப் பேச்சு வந்தது. ஈப்போவிலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளையை அக்கா ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தாள். பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஈப்போவுக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று அப்பாவிடம் இரண்டு முறை கேட்டிருந்தாள். தீபாவளிக்குள் பெண்ணின் படம் வரவேண்டும், இல்லாவிட்டால் கோலாலம்பூரில் இன்னொரு பெண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று அவர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். பக்கத்துத் தெருவிலேயே வேறு ஸ்டூடியோ உண்டு. “வீட்டுக்குள்ள ஸ்டூடியோ வச்சிக்கிட்டு அடுத்த கடை வாசல்ல போய் நிக்கவா?” என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டார்.

அக்கா பட்டுப்புடவை கட்டி, பவுடர் பூசி, கீழே போய் உட்கார்ந்தாள். சித்தப்பா குனிந்தார். “அசை” என்றார். அப்புறம் நிமிர்ந்து, கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அக்கா சமையலறை மூலையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து அழுதாள். என் ஒரு பொட்டால் அக்கா காலமெல்லாம் கன்னியாகவே இருந்துவிடப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. இறங்கிப் போனேன்.

சித்தப்பா இருட்டறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொட்டு வைத்ததை ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். சந்தனம் அம்மா அரைத்தது என்பதையும் மறக்காமல் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு.

“அதான் தொடச்சிட்டேன்லா. கேமராவுக்கு ஒண்ணும் ஆகல.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. “அப்ப ஏன் அக்காவ எடுக்க மாட்டேங்கிறீங்க?”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கேமராவுக்குக் கண் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும், அவ்வளவுதானே. “மூஞ்சி வேணாம் சித்தப்பா. தண்ணிய எடுத்துப் பாருங்க. கெட்டுப்போனாலும் தண்ணி ஒண்ணும் சொல்லாது.”

அன்று காலையிலிருந்தே நல்ல மழை. தீபாவளிக்கு முன் வானம் அப்படித்தான் கொட்டும். ஜாலான் புசார் பக்கம் கணுக்காலுக்குமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடையை நான் கேமராவுக்குப் பிடித்தேன், நாங்கள் இருவரும் நனைந்தோம். முதலில் அவர் சும்மா நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடை ஒன்றின் பெயர்ப்பலகை தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து, ஒரு ரிக்‌ஷா போனதும் துண்டுதுண்டாகி, மறுபடி ஒன்றுசேர்ந்தது. சித்தப்பா குனிந்தார். விசை விழுந்த சத்தம் கேட்டது. அதன்பின் அவர் நிற்கவில்லை. சாக்கடைக்குள் விழும் தண்ணீர், தகரக் கூரையிலிருந்து வடியும் தண்ணீர், கால்வாயில் தேங்காய் மட்டையை இழுத்துக்கொண்டு போகும் செந்தண்ணீர். “ஓடு, ஓடு, நீ பாட்டுக்கு ஓடு” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எடுத்தார். ‘அசையாதே’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தண்ணீரிடம் யார் அப்படிச் சொல்வார்கள்?

எட்டாவது படத்தோடு பிலிம் முடிந்துவிட்டது என்றார். நான் விடவில்லை. ஒரு பிலிமில் பன்னிரண்டு என்று எனக்குத் தெரியும். சந்தனம் நாலைத் தின்றுவிட்டதோ?

“நாலு முன்னாடியே எடுத்தது” என்றார் சித்தப்பா.

அன்று பிற்பகலே பிலிமைக் கழுவினார். முதல் நாலையும் கத்தரித்து ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டு, மிச்ச எட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எட்டும் பளிச்சென்று விழுந்திருந்தன. கேமராவுக்குக் கண் தெரிந்தது. அப்பாடா என்று எனக்கு வந்த நிம்மதியில் நான் அழுதேவிட்டேன். சித்தப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து நெடி என்றார்.

மறுநாள் அக்காவை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. பின்கட்டில், வானம் பார்த்த முற்றத்தில் மழை விழுந்துகொண்டிருக்க, அதன் ஓரமாக நிற்க வைத்தார். “நீ பேசிக்கிட்டே இரும்மா” என்றார். என் பொட்டுக் கதை அதற்குள் வீடு முழுக்கப் பரவியிருந்தது. அக்கா அதை நடித்துக் காட்டிவிட்டுச் சிரிப்பை அடக்க வாயருகே கையைக் கொண்டுபோனாள். விசை விழுந்தது.

படத்தில் முகம் முத்துமாதிரி இருந்தது. வளையல் கை மட்டும் ஆடி, கலங்கி இருந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “பல்லு தெரியச் சிரிக்கிற பொண்ண எவன் கட்டுவான், தம்பி?” வேறு எடுக்க நாளில்லை. அதுதான் தபாலில் போயிற்று. பத்தாம் நாள் பதில் வந்தது. பெண் பார்க்க வருகிறோம் என்பதற்குப் பதில், எந்த மாதம் முகூர்த்தம் வைக்கலாம் என்றே கேட்டிருந்தார்கள். அக்காள் புருஷன் அந்தக் கை ஆடிய படத்தை இன்றைக்கும் பர்ஸில் வைத்திருக்கிறார்.

சித்தப்பாவைக் குணப்படுத்தியவள் நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அது என்று காக்கைக்குத் தெரியுமா?

ஆறு வருஷம் கழித்து, அந்தச் சந்து வீட்டைக் காலி செய்து புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். சாமான் கட்டும்போது அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். என்னுடைய எட்டுத் தண்ணீர்ப் படங்களும் இருந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு பழைய காகித உறை. அதில் நாலு நெகட்டிவ், ஒரே ஒரு பிரிண்ட். துறைமுகத்து மாமா கழுத்தில் மாலையோடு, கண் மூடிப் படுத்திருந்தார். சுற்றி அவரோடு வேலை பார்த்தவர்கள் நின்றார்கள். மாமாவின் முகம் கொஞ்சமும் கலங்காமல், அவ்வளவு தெளிவாக இருந்தது.

சித்தப்பா என் கையில் இருப்பதைப் பார்த்தார். கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை.

“சரக்குத் தூக்கறப்ப சங்கிலி அறுந்துடுச்சு. ஊர்ல அவன் அம்மா காத்துக்கிட்டிருந்தாங்க, எடுத்துத்தான் ஆகணும்” என்றார். முடிச்சை இறுக்கினார். “குனிஞ்சு பார்த்துட்டுப் பழக்க தோஷத்துல, அசையாதடான்னு சொல்லிட்டேன். அன்னிக்கு ஒருநாள்தான் நான் சொன்ன பேச்சக் கேட்டான்.”

நான் படத்தை உறையில் போட்டு, தண்ணீர்ப் படங்களுக்கு அடியில், இருந்த இடத்திலேயே வைத்தேன். சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார் என்று ஆறு வருஷமாக அந்த மாமாமேல் நான் கோபமாக இருந்தேன்.