மேஜையைத் தட்டிய ஜெர்மன்காரர்

எங்கள் குடும்பம் அமெரிக்காவில் நிலைத்ததற்கு ஒரு ஜெர்மன்காரர்தான் காரணம். இதை என் அம்மா இன்றைக்கும் பாதிதான் ஒப்புக்கொள்வாள். மீதிப் பாதி அவளுடைய இட்லிக்குச் சேர வேண்டியதாம்.

எண்பதுகளில் நாங்கள் நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். அப்பாவுக்குப் பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி வேலை. கோடையோடு முடிகிற வேலை. நீட்டிப்பார்களா, மூட்டை கட்டச் சொல்வார்களா என்பது அங்கே வந்திருந்த ஒரு ஜெர்மன் பேராசிரியர் எழுதும் கடிதத்தைப் பொறுத்திருந்தது. பெரிய கணித மேதை. அவர் நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே தலைவர். "நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரி" என்று அப்பா சொன்னதுதான் தாமதம், அம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

அவர் முன்னால் அப்பா உரை நிகழ்த்த வேண்டிய நாளில் பனி கொட்டி எங்கள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அங்கே டீயோடு பிஸ்கட்டும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அடம்பிடித்து நானும் போனேன். எனக்கு எட்டு வயது. அப்பா பலகை நிறைய எழுதினார். நான் மூன்று பிஸ்கட் தின்றேன். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஜெர்மன்காரர் மட்டும் தட்டவில்லை. விரல்களை மடக்கி மேஜையை டொக்கு டொக்கென்று இடித்தார். பிறகு அப்பாவை ஓரமாக அழைத்து ஏதோ சொன்னார். வீடு திரும்பியதும் அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் தாள்களோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "ஏண்டி, அங்க என்னதான் நடந்துச்சு?"

"ஹி வாஸ் ஹிட்டிங் த டேபிள், அம்மா. ரொம்பக் கோபமா."

கோபம் என் சொந்தச் சரக்கு. அம்மாவுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று.

சனிக்கிழமை அப்பா நூலகம் போனதும் அம்மா இட்லியை டிபன் கேரியரில் அடுக்கினாள். பேராசிரியர் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள், பனியில் வழுக்கி வழுக்கி நடந்தாள். மொழிபெயர்க்க நான்.

கதவைத் திறந்தவரிடம், "எதாவது தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்கங்க சார். நல்ல மனுஷர் சார் அவர்" என்றாள். இதை நான், "ப்ளீஸ், இனிமேல் மேஜையை அடிக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுத்தேன்.

அவர் திகைத்துப் போய்ப் பிறகு சிரித்தார். அவர்கள் ஊரில் உரை பிடித்துவிட்டால் மேஜையைத்தான் தட்டுவார்களாம். கை தட்டுவதெல்லாம் நாடகத்துக்காம். அப்பாவைத் தனியாக அழைத்துச் சொன்னது வேறு விஷயம்.

"அப்பா கணக்குல நடுவுல ஒரு ஓட்டை இருக்காம்மா. ஆனா ஃபிக்ஸ் பண்ணிடலாமாம்" என்றேன்.

அவர் நின்றபடியே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு மேஜையைத் தட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வார நாள்களிலும் அப்பாவின் தாள்களோடுதான் உட்கார்ந்திருப்பார் போலும். வரும்போதெல்லாம் கத்தை கத்தையாக எழுதிக்கொண்டு வருவார். கோடைக்குள் ஓட்டை அடைபட்டது. கட்டுரையில் தன் பெயரைச் சேர்க்க அவர் கடைசிவரை ஒப்பவில்லை. கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அப்பாவுக்கு வேலை நிலைத்தது, கிரீன் கார்ட் வந்தது, நான் படித்தேன். இன்று நான் உண்ணும் சோற்றில் அவர் பங்கும் இருக்கிறது.

அவர் இறந்த செய்தி வந்தபோதுதான் அப்பா மற்றதைச் சொன்னார். இளவயதில் பெரும் பெயர் எடுத்தவர், பல்கலைக்கழகத் தலைவரான பிறகு மாணவர் போராட்டம், அமைச்சகத்தோடு சண்டை என்று பத்து வருடம் கணிதத்தையே தொட முடியவில்லையாம். பாதியில் நின்றுபோன தன் ஆராய்ச்சியை முடிப்பதற்காக, மன்றாடி ஒரே ஒரு வருடம் விடுப்பு வாங்கி வந்திருந்தார். திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மறுபடி விடுப்பு கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் அவரிடம் கேட்டிருக்கிறேன், உங்களுக்கென்று சொந்தமாக ஹோம்வொர்க் எதுவும் கிடையாதா என்று. இருக்கிறது, அது காத்திருக்கும் என்றார். பாவம், வேலைவெட்டி இல்லாதவர், கௌரவத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாட ஓடிவிட்டேன்.