எட்டுப் பரப்புத் தோட்டமும் இரண்டு முழங்காலும்

தம்பிராசா தன் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் கடன்பட்டார். சுன்னாகத்து வெங்காய வியாபாரி ஒருவரிடம் நாற்பதாயிரம் ரூபாய். இடப்பெயர்வு முடிந்து உரும்பிராய்க்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை, கிணற்றடியில் மிசின் இல்லை. அந்தக் காசில் தண்ணீர் இறைக்கும் மிசினும் விதை வெங்காயமும் வாங்கினார். இரண்டு போகத்தில் வட்டியோடு கட்டி முடித்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர், அரை ஏக்கர் வரும் எட்டுப் பரப்புச் செம்பாட்டுத் தோட்டத்தைத் துண்டு துண்டாகத் தன் பெயருக்கு எழுதுவித்தார்.

“படிச்சவன் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுறான். நான் படியாதவன், பத்துப் பேருக்குச் சம்பளம் குடுக்கிறன்” என்று கோயில் வீதியில் நின்று சொல்லுவார். யாரும் மறுத்துக் கதைத்ததில்லை. எப்படி மறுப்பது? உண்மைதானே.

அறுபத்து நாலாவது வயதில் அந்த மனிதருக்கு வயிறு குழம்பி, மலத்தோடு இரத்தமும் போனது. மூலம் என்று நினைத்து மோர் குடித்தார். இரத்தம் நிற்கவில்லை. பெருங்குடல் முழுக்கப் புண் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தோட்டத்தில் நின்றால் பாத்தி முடியுமுன் வீட்டுக்கு ஓட வேண்டும். கூடவே முழங்காலும் விரல் மூட்டுகளும் வீங்கின. மருந்துகள் மாறின, நோய் மாறவில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் வெளியேற வயிற்றில் ஒரு வாசல் வைத்துப் பை கட்ட வேண்டும் என்றதும், “நான் மாட்டன்” என்று எழும்பி வந்துவிட்டார்.

அவரைத் திரும்பவும் அங்கே கொண்டுபோனது ஒரு சொல்தான். “குடலை எடுத்தா மூட்டு நோவும் குறையலாம், ஐயா” என்று அங்கிருந்த பெண் டாக்டர் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வந்தும் அது காதில் நின்றது. மூட்டுச் சுகப்பட்டால் தோட்டம் செய்யலாம். தோட்டம் செய்வதற்கு ஒரு பை கட்டத்தான் வேண்டுமென்றால் கட்டுவோம். சந்தையில் விலை பேசி முடித்தவர் போலப் போய்க் கையெழுத்து வைத்தார்.

குடல் போனது. இரத்தம் நின்றது. மூட்டு நோ மட்டும் போகவில்லை.

விடிய எழும்பும்போது விரல்கள் கொக்கி மாதிரி இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சூட்டில் அவை இளகும்வரை இருப்பார். பையின் வாயை அழுத்திப் பூட்ட அந்த விரல்களுக்குப் பெலமில்லை. அதற்கு மனைவி பராசக்தியைக் கூப்பிட வேண்டும். பை கட்டியது அவருக்கு வெட்கமில்லை. அதைப் பூட்ட ஆள் கூப்பிடுவதுதான் வெட்கம்.

அடுத்த கிளினிக்கில் அந்தப் பெண் டாக்டரைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளை, குடலை வெட்டினா நோ குறையும் எண்டெல்லே சொன்னனீங்கள்?”

“குறையலாம் எண்டுதான் சொன்னனான், ஐயா. சிலருக்கு மூட்டு நோ குடலோடை சேர்ந்து போகும். சிலருக்கு அது தன்பாட்டிலை நிக்கும். உங்களுக்கு உப்பிடி நிக்குது.”

“அப்ப நான் குடுத்த குடல்?”

“குடலைக் காப்பாத்தேலாம எடுத்தது, ஐயா. மூட்டுக்காக எடுக்கேல்லை. நோவுக்குக் கடையிலை கண்டபடி குளிசை வாங்கிப் போடாதேங்கோ. வயிறு தாங்காது.”

வீட்டுப் படலைக்கு வந்ததும் பராசக்தியிடம் சொன்னார்: “குறையலாமாம். நான் வெங்காயம் விக்கேக்கை ‘தரலாம்’ எண்டு சொல்லி ஆரிட்டையும் காசு வாங்கினனானோ?”

ஊருக்கு இது விளங்கவில்லை. “குடலை வெட்டி எறிஞ்சாச்சு, இனியென்ன நோ? உது மனப்பிராந்தி” என்றான் கோயிலடியில் ஒருவன். மற்றொருவன் எண்ணெய் ஒன்றின் பெயர் சொன்னான். எண்ணெயும் பூசிப் பார்த்தார். சட்டை நாறியதுதான் மிச்சம்.

மாசி மாதத்தில் ஒருநாள், இறைப்புக்கு வருவதாகச் சொன்ன கூலியாள் வரவில்லை. வெங்காயம் வாடி நின்றது. “நானிருக்கிறன்தானே” என்று மிசினை இயக்கிவிட்டு மண்வெட்டியோடு இறங்கினார். முதல் சில பாத்திக்கு வாய்க்காலைத் திருப்பித் தண்ணீர் மாறினார். பழைய தம்பிராசா திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு வரம்பு ஒன்று உடைந்தது. கையால் மண் அள்ளி அடைக்கக் குந்தினார். அடைத்தார். எழும்ப முடியவில்லை. இரண்டு முழங்காலும் பூட்டிக்கொண்டன. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. நனைந்த பை கழன்று சரிந்தது. கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். அவர் கூப்பிடவில்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சிவகரன், தன் பக்கம் தண்ணீர் ஓடி வந்ததைப் பார்த்து வந்தான். இருபது வயதில் தம்பிராசாவிடம் கூலிக்கு நின்றவன்.

“என்ன அண்ணை, தண்ணிக்கை குந்தியிருக்கிறியள்? தியானமோ?”

“பாத்தியைப் பாக்கிறன்.”

“பாத்திதான் உங்களைப் பாக்குது. கையைத் தாங்கோ.”

“விடடா, நான் எழும்புவன்.”

சிவகரன் போய் மிசினை நிற்பாட்டிவிட்டு வந்தான். அவர் அப்படியேதான் இருந்தார். அவன் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், வாளியால் வார்த்துக் கழுவி, காயப்போட்டிருந்த தன் சாரத்தைச் சுற்றிவிட்டான். அவன் ஏதாவது நக்கலாகச் சொல்லியிருந்தால் தம்பிராசாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை அவன் வீட்டுக்கு வந்து, தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டான்.

“ஆரடா உன்னை அனுப்பினது?”

“நான்தான் கேக்கச் சொன்னனான்” என்றாள் பராசக்தி குசினிக்குள்ளிருந்து.

“பத்துப் பேருக்குச் சம்பளம் குடுத்தவன் நான். என்ரை காணியிலை இன்னொருத்தன் மண்வெட்டி பிடிக்கிறதோ?”

“அந்தப் பத்துப் பேரிலை உவன் ஒருத்தன்தான் வந்து கேட்டிருக்கிறான். மற்ற ஒன்பது பேரும் எங்கை?”

“சித்திரை வரட்டும். அதுக்குள்ளை முழங்கால் சரிவந்தா நானே நடுவன். இல்லையெண்டா நீ செய்” என்றார்.

பங்குனி முழுக்க, விடிந்ததும் கிணற்றடித் தூணைப் பிடித்துக்கொண்டு குந்திப் பார்த்தார். குந்துவது வந்தது. தூணை விட்டு எழும்புவது ஒருநாளும் வரவில்லை. வெங்காயம் கிண்டி எடுத்த தரையில் கோரை முளைத்து நின்றது.

வருடப்பிறப்பு வந்தது. நல்ல நேரம் பார்த்து, வெற்றிலைக்குள் காசு வைத்துப் பெரியவர் சிறியவருக்குக் கொடுப்பது கைவிசேஷம். தம்பிராசாவின் கை ராசியான கை என்று முன்பெல்லாம் படலை வரைக்கும் ஆட்கள் நிற்பார்கள். இந்த முறை சிவகரன் மட்டும் வந்தான். பராசக்தி மடித்து வைத்த வெற்றிலையை அவர் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அவன் குனிந்து வாங்கிக்கொண்டு, மடியிலிருந்து குத்தகைக் காசை எடுத்தான்.

“உதை மேசையிலை வை” என்றார்.

“வருசப்பிறப்பண்டு தாற காசு, அண்ணை. மேசைக்குக் குடுக்கேலாது. கையிலை வாங்குங்கோ. உங்கடை கை பட்டாத்தான் எனக்குத் தோட்டம் பொலியும்.”

அவன் மரியாதைக்குத்தான் சொன்னான். வருடப்பிறப்பில் இவ்வளவு காலமும் கவிழ்ந்தே கொடுத்த கை அது. மலர்ந்து வாங்கியதில்லை.

“நேரம் போகுது” என்றாள் பராசக்தி, பஞ்சாங்கத்தைப் பார்த்தபடி.

தம்பிராசா கையை நீட்டி மலர்த்தினார். விரல்கள் பாதிதான் நிமிர்ந்தன. சிவகரன் ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து எண்ணினான். “ஐஞ்சு... பத்து... பதினைஞ்சு...” தாள் ஏற ஏற மணிக்கட்டு தாழ்ந்தது. அவர் மற்றக் கையால் தாங்கிக்கொள்ளவில்லை.

“எழுபத்தைஞ்சு... எண்பது. எண்பதாயிரம். சரியோ, அண்ணை?”

கடைசித் தாளையும் அவன் அவருடைய உள்ளங்கையில் வைத்தான்.